றாஹிலா தாத்தா எழுதாமல் வைத்திருந்த செய்தி

ஜூலை எட்டாம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி நாற்பத்திரண்டு நிமிடம். கைத்தொலைபேசியில் படிக்காத செய்திகள் அறுபத்து மூன்று. எங்கள் கரையோர ஊர்களில் விடியும்போது எண்ணிக்கை இப்படி ஏறியிருந்தால் ஒன்றில் கடல் உள்ளே வந்திருக்கும், இல்லாவிட்டால் யாரோ மௌத்தாகியிருப்பார்கள். நான் முதலில் கடலைத்தான் நினைத்தேன். ஜூலையில் கடல் வராது என்பது பிறகுதான் உறைத்தது. இன்னாலில்லாஹி என்று தொடங்கிய மரணச் செய்திகளைத் தள்ளிக்கொண்டே போனால் கடைசியில் பெயர் இருந்தது. நிந்தவூர் றாஹிலா. பிரதேச நிருபர், ஓவியர். சுபஹுத் தொழுகைக்கு எழுந்து, கை கால் கழுவி வுழூ செய்யப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர் அப்படியே போய்விட்டார். வயது ஐம்பத்து மூன்று.

அந்த அறுபத்து மூன்றில் ஒன்று வெளிநாட்டில் இருந்து வந்தது. அவருடைய ஓவியங்களை ஒரு முறை இணையத்தில் காட்சிக்கு வைத்தவர்கள் அனுப்பியது. "தாத்தாவின் பேரப்பிள்ளைகளுக்கு எமது ஆறுதல்" என்று எழுதியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் தாத்தா என்றால் மூத்த சகோதரி. ஊரே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. இரண்டு பெண் பிள்ளைகள், இருவருக்கும் இன்னும் கலியாணம் முடியவில்லை. அவர் உயிரோடு இருந்து இதைப் படித்திருந்தால் அன்றைக்கே எனக்கு அனுப்பி, "பாத்தியா, எனக்குத் தாடியும் வெச்சிட்டாங்க" என்று எழுதியிருப்பார்.

இந்த இதழின் ஆசிரியர் என்னிடம் எழுதக் கேட்டபோது நல்லதை மட்டும் எழுதச் சொன்னார். நினைவஞ்சலிதானே, பிரச்சினைகள் வேண்டாம் என்றார். நான் கட்டடமும் நில அளவையும் படித்தவன். அட்டாளைச்சேனைக்காரன். ஒரு திணைக்களத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக, சுருக்கமாக ரி.ஓ., ஒப்பந்த வேலை பார்க்கிறேன். நல்லதை மட்டும் பொறுக்கி எடுத்து எழுத எனக்கு வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் அவரை முதன்முதலில் கண்டது கடற்கரையில். கரையோர அளவீட்டுக்காக மட்டக்கோலும் நாடாவுமாக வெயிலில் நின்றேன். கறுப்பு அபாயா, தோளில் பழைய துணிப்பை, காலில் ஆண்கள் போடும் றப்பர் செருப்பு. நேரே வந்து, "இஞ்சினியர் தம்பி, என்னத்த அளக்கிறீங்க?" என்றார். நான் இஞ்சினியர் இல்லை, ரி.ஓ. என்றேன். "தெரியும். இஞ்சினியர் எண்டா இந்த வெயிலுக்க நிப்பாரா?" என்றார். பிறகு அரை மணித்தியாலம் கேள்வி. எங்கே இருந்து எங்கே வரை, எதை வைத்து, பழைய அளவு யாருடையது. எரிச்சலாக இருந்தது. மேலதிகாரியிடம் கேளுங்கள் என்று அனுப்பிவிட்டேன். எதை வைத்து என்று அவர் கேட்ட கேள்விக்கு மட்டும் அன்றைக்கே நான் ஒழுங்காகப் பதில் யோசித்திருந்தால் இந்தக் கட்டுரையில் பாதி தேவைப்பட்டிருக்காது.

அவருடைய வாப்பா மருதமுனையில் சாறனுக்கு டிசைன் போடுகிறவர். நிந்தவூரில் கலியாணம் முடித்து, பெண் வீட்டோடு வந்து சேர்ந்தவர். டிசைன் போடும் கட்டத்தாள் வீடு முழுக்கக் கிடந்ததால் பிள்ளை அதிலேயே எழுதவும் கீறவும் பழகிவிட்டது. முதல் செய்தியை அவர் பத்திரிகைக்கு அனுப்பியதும் கட்டத்தாளில்தான். செய்தி வந்தது, ஆனால் அவருடைய காக்காவின், அதாவது மூத்த சகோதரனின், பெயரில். பெண் பிள்ளையின் பெயர் போட்டால் ஊரில் கதை வரும் என்று வீட்டிலேயே அப்படி ஏற்பாடு. மூன்று வருடம் காக்காதான் நிருபர். காக்காவுக்கு அப்போது கடற்றொழில், ஒரு வரியும் எழுதத் தெரியாது. ஒரு நாள் யாரோ பெரிய மனிதர் ஒரு செய்திக்காகக் காக்காவைச் சந்தையில் வைத்து அடித்துவிட்டார். அன்று பின்னேரம் றாஹிலா தாத்தா அந்த மனிதரின் வீட்டு வாசலில் போய் நின்று, எழுதினது நான்தான், அடிக்கிறதென்றால் என்னை அடியுங்கள் என்றாராம். அடுத்த செய்தியில் இருந்து அவருடைய சொந்தப் பெயர் வந்தது. இதை அவர் ஒரு வீரக் கதையாகச் சொன்னதில்லை. "காக்காட பல்லு ஒண்டு போனதுக்குப் பிறகுதான் எனக்குப் பேரு கிடைச்ச" என்பார். சொல்லும்போது சிரிக்க மாட்டார்.

சுனாமிக்குப் பிறகு நடந்ததை இங்கே படிக்கிற பலர் என்னைவிட நன்றாக அறிவீர்கள். எனக்கு அப்போது எட்டு வயது. வீடுகள் போய், வேலிகள் போய், கடற்கரைப் பக்கம் ஒரே மணலாகக் கிடந்தபோது எது யாருடைய வளவு என்று ஆட்களுக்கே தெரியவில்லை. காணி உறுதிகளும் தண்ணீரோடு போய்விட்டன. அவர் ஒவ்வொருவராக இருத்தி வைத்துக் கேட்டிருக்கிறார். உன் குசினிக்கு எந்தப் பக்கம் கிணறு, கிணற்றில் இருந்து பக்கத்து வீட்டு வேலிக்கு எத்தனை எட்டு, அதாவது எத்தனை காலடி. கேட்டுக் கேட்டுக் கட்டத்தாளில் கீறினார். அவருக்கு ஒரு கட்டம் என்றால் ஒரு எட்டு. அந்தத் தாள்களை வைத்துத்தான் பல குடும்பங்கள் தங்கள் எல்லையைக் காட்டின. இதை நான் கேள்விப்பட்டபோது, ஞாபகத்தை வைத்து எல்லை போடுவது தொழில்நுட்ப ரீதியில் பிழை என்று அவரிடமே சொன்னேன். "ஓம் தம்பி, பிழைதான். அப்ப நீ எங்க இருந்த?" என்றார். மூன்றாம் வகுப்பில் இருந்தேன் என்றேன்.

யுத்தத்தில் காணாமல் போனவர்களுக்காகத் தம்பிலுவிலில் தமிழ்த் தாய்மார் போராட்டமாக உட்கார்ந்தபோது அவர்களுக்குப் பதாகை எழுதிக் கொடுத்ததும் அவர்தான். பதாகையோடு நிற்காமல் அவரும் போய் உட்கார்ந்தார். இந்தப் பக்கம், செத்த நம்முடைய ஆட்களின் மையத்துகளுக்கு இவ எங்கே உட்கார்ந்தா என்று கேட்டார்கள். அந்தப் பக்கம், முஸ்லிம் பெண்ணுக்கு இங்கே என்ன வேலை, யார் அனுப்பியது என்று கேட்டார்கள். இரண்டு கேள்வியையும் ஒரே செய்தியில் எழுதி அனுப்பினார். பத்திரிகை அதைப் போடவில்லை. அவர் விடவில்லை. அதையே பெரிய எழுத்தில் ஒரு பலகையில் எழுதி, வீட்டு மதிலில் சாத்தி வைத்தார். ஒரு வாரம் இருந்தது. பிறகு யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவருடைய படங்களில் மனிதர்கள் இல்லை. வீடு, சுவர், தோணி, மரம், கரை, அவ்வளவுதான். கல்முனையில் ஒரு மண்டபத்தில் படங்களை வைத்தபோது ஒரு மௌலவி வந்து பார்த்து, உருவம் கீறாமல் மார்க்கத்தைப் பேணியிருக்கிறீர்கள் என்று பாராட்டினார். "அது இல்ல ஹஸ்ரத். மூஞ்சி கீற எனக்கு வராது, ஆடு மாதிரி வரும்" என்றார் தாத்தா. மௌலவி அதன் பிறகு எல்லாப் படத்தையும் வேகமாகப் பார்த்து முடித்தார்.

இனிச் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன்.

போன வருடக் கடைசியில் நிந்தவூர்க் கரையின் ஒரு துண்டை அளந்து அறிக்கை கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. எங்கே அரிப்புக் கூட என்று பார்த்து, அங்கே கற்பாறை போட்டுக் கரையைக் காப்பார்கள். நான்கு வருடத்துக்கு முந்திய அளவோடு ஒப்பிட வேண்டும். பழைய அளவுக்காக நட்டிருந்த கொங்கிறீட் அடையாளத்தைக் காணவில்லை. ஆனால் பழைய குறிப்பில் இன்னொரு புள்ளி இருந்தது. கடலோர மையவாடி, கிழக்குக் கடைசி வரிசை, தெற்கில் இருந்து மூன்றாவது மீசான் கல், கல்லில் எழுதிய பெயர் காசிம்லெவ்வை. மையவாடி என்றால் எங்கள் அடக்கத்தலம்; கபுறுக்கு, அதாவது புதைகுழிக்கு, அடையாளமாகத் தலைமாட்டில் நடும் கல்லைத்தான் மீசான் என்கிறோம். நான் உள்ளே போனேன். கிழக்குக் கடைசி வரிசை இருந்தது. தெற்கில் இருந்து மூன்றாவது கல் இருந்தது. பெயரும் அதேதான். அதில் இருந்து கடல் விளிம்புக்கு நாடா பிடித்தேன். நான்கு வருடத்தில் தூரம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடத்தான் குறைந்திருந்தது. கரை நிலையாக உள்ளது என்று எழுதினேன். அதனால் அந்தத் துண்டில் இருந்த முப்பத்தொரு வீடும் கற்பாறை போடும் பட்டியலில் இருந்து நீங்கின.

ஒன்றை மறைக்கக் கூடாது. கல்லின் இடத்தை ஜீ.பி.எஸ்.ஸிலும் எடுத்தேன். பழைய குறிப்பில் இருந்த புள்ளிக்கும் அதற்கும் இருபது மீட்டர் வித்தியாசம் காட்டியது. பழைய ஆள் மலிவான கருவி பிடித்திருப்பான் என்று நினைத்து, கருவிப் பிழை என்று ஓரத்தில் எழுதிவிட்டுப் போய்விட்டேன். கல் நகராது என்பது என் நம்பிக்கை.

பெப்ரவரியில் றாஹிலா தாத்தா அறிக்கையின் பிரதியோடு எங்கள் காரியாலயத்துக்கு வந்தார். பையில் இருந்து பதினொரு கட்டத்தாள்களை எடுத்து மேசையில் பரப்பினார். எல்லாம் அதே மையவாடி. பெண்கள் உள்ளே போவதில்லை என்பதால் தெற்குப் பக்க ஒழுங்கையில் ஒரு மின்கம்பத்தில் சாய்ந்து நின்று, மதிலுக்கு மேலால் பார்த்து, நான்கு வருடமாகக் கீறியிருக்கிறார். ஒவ்வொரு தாளின் அடியிலும், ஒழுங்கை வழியே நடந்து எண்ணிய எட்டுகளின் குறிப்பு. முதல் தாளில் கம்பத்தில் இருந்து கிழக்கு வரிசைக்கு எழுபத்தொரு எட்டு, கடலுக்கு நூற்று முப்பத்திரண்டு. கடைசித் தாளில் கிழக்கு வரிசைக்கு முப்பத்தெட்டு, கடலுக்குத் தொண்ணூற்றேழு.

படம் அளவாகாது என்று நான் சொன்னேன். இதைச் சொன்னதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொன்னேன். கல்லுக்கும் கடலுக்கும் இடையில் இரண்டு எட்டுத்தானே குறைந்திருக்கிறது, என் அறிக்கையும் அதைத்தானே சொல்கிறது என்றேன்.

"கல்லு நகராது எண்டு ஆரு ஒனக்குச் சொன்ன?" என்று கேட்டார்.

அன்று பின்னேரமே போய் ஒழுங்கையில் அவரை நடக்கச் சொல்லி அளந்தேன். அவருடைய எட்டு ஒன்று அறுபத்திரண்டு சென்ரிமீட்டர். பத்துத் தடவை நடக்க விட்டும் ஒரு சென்ரிமீட்டருக்கு மேல் மாறவில்லை. கம்பம் அதே இடத்தில் நின்ற பழைய கம்பம். அந்தக் கணக்கில் கடல் உள்ளே வந்திருப்பது கிட்டத்தட்ட இருபத்திரண்டு மீட்டர்.

மையவாடியைப் பார்த்துக்கொள்ளும் ஆதம்லெவ்வைக் காக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. ஒரு மாரியில் கடல் கிழக்குப் பக்கம் அடியை அறுத்திருக்கிறது. கபுறுகள் திறந்துவிட்டன. கையில் கிடைத்ததை எல்லாம் வெள்ளைத் துணியில் அள்ளி மேற்குப் பக்கம் வெறும் தரையில் அடக்கினார்கள். கற்கள் எல்லாவற்றையும் கொண்டுவந்து, முன்னிருந்த அதே வரிசையில், அதே ஒழுங்கில் நட்டார்கள். "மையத்து போனாலும் பேரு போகப்படாதே தம்பி. பிள்ளையள் வந்தா ஸலாம் சொல்ல ஒரு இடம் வேணும்" என்றார். அதற்கு அடுத்த வருடமும் அப்படியே செய்திருக்கிறார்கள். ஏன் ஒருவருக்கும் சொல்லவில்லை என்று கோபமாகக் கேட்டேன். "ஆரும் கேக்கலியே. நீங்களும் வந்து அளந்தீங்க. கேக்கலியே" என்றார்.

நானும் முஸ்லிம். எங்கள் ஊரின் மையவாடி ஊருக்கு நடுவில், அங்கே கடல் வராது. காசிம்லெவ்வை என்ற பெயரைக் கண்டதும் ஆளும் அங்கேதான் கிடக்கிறார் என்று நம்பிவிட்டேன்.

தாத்தா அந்தச் செய்தியை அன்றைக்கே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. ஏனென்று சொன்னார். "நான் எழுதினா மறுப்பு அனுப்புவாங்க. பிறகு ஒரு குழு போடுவாங்க. குழு வரக்குள்ள வீடு கடலுக்க இரிக்கும். அளந்தவனே பிழை எண்டு எழுதிக் குடுத்தா மறுக்க ஆளில்ல." என்னைக் காப்பாற்றவா என்று கேட்டேன். "ஒன்னக் காப்பாத்தி எனக்கு என்ன? நீ அளந்தத நீயே திருத்து" என்றார்.

நான் ஓம் என்றேன். மார்ச்சில் ஓம் என்றேன், ஏப்ரலிலும் ஓம் என்றேன். என் நிரந்தர நியமனம் ஜூலை பதினைந்தில் வரும் என்று காரியாலயத்தில் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன் பிழையை ஒப்புக்கொண்டு எழுதினால் நியமனம் போய்விடும் என்று பயந்தேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை. இருந்தால் எழுதியிருப்பேன்.

இந்த நான்கு மாதமும் அவர் என்ன ஏச்செல்லாம் கேட்டுக்கொண்டு இருந்தார் என்பதற்கு நானே சாட்சி. மே மாதத்தில் ஒரு காலை, கரைவலை இழுத்து மீன் பிரிக்கிற இடத்தில் நாங்கள் இருவரும் நின்றோம். ஜெஸீமா உம்மா வந்தார். பட்டியலில் இருந்து நீங்கிய வீடுகளில் முதலாவது அவருடையது. மீன் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, "றாஹிலா தாத்தாட பேனையில மை முடிஞ்சி போல. முந்தி ஒரு கோழி செத்தாலும் பேப்பரில வரும்" என்றார். யாரோ சிரித்தார்கள். பெரிய இடத்துப் பக்கம் சாய்ந்துவிட்டா என்று இன்னொருவர் சொன்னார். தாத்தா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "ஓம் மச்சி, முடிஞ்சிதான் இரிக்கி" என்றார். நான் பக்கத்தில் நின்றேன். திரும்பும் வழியில் நான் ஏதோ சொல்லத் தொடங்கியபோது, "என்னோட கதைக்காத. கடதாசியோட கதை" என்றார்.

ஜூலை நாலாம் திகதி, வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து தொலைபேசியில் கூப்பிட்டார். இந்த மாதக் கடைசி வரைக்கும்தான் பொறுப்பேன், அதன் பிறகு உன் பெயரோடு எழுதுவேன் என்றார். பதினைந்து முடியட்டும் தாத்தா என்றேன். "கடலுக்கும் அத ஒருக்காச் சொல்லி வை" என்று வைத்துவிட்டார். நாலு நாளில் மௌத்து.

ஜனாஸாவைப் பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு எடுத்தார்கள். அடக்கியது அதே மையவாடியில். நாலு வருடம் மதிலுக்கு வெளியே நின்று பார்த்தவர் முதல் தடவையாக உள்ளே போனார். எங்கே வெட்டுவது என்று பேச்சு வந்தது. கிழக்கில் வேண்டாம் என்று நான் குறுக்கே சொன்னேன். ஆதம்லெவ்வைக் காக்கா தலையாட்டி, மேற்கு மதில் ஓரமாக வெட்டச் சொன்னார். மண் போட்டு முடித்துத் துஆ ஓதிக்கொண்டிருக்கும்போது பின்வரிசையில் இருவர் மெதுவாகக் கதைத்தார்கள். நல்ல பெண், கடைசிக் காலத்தில்தான் வாயைக் கட்டிப்போட்டார்கள் என்றார்கள். அந்த இடத்தில் திரும்பிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் கையை ஏந்தியபடி நின்றேன்.

அதனால் இங்கே சொல்கிறேன். றாஹிலா தாத்தாவின் வாயை ஒருவரும் கட்டவில்லை. அவர் ஒரு செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த முப்பத்தொரு வீட்டுக்கும் எது விரைவாக உதவும் என்று பார்த்து, ஒரு ஆள் ஒழுங்காக நடப்பான் என்று காத்திருந்தார். ஏச்சு எல்லாம் அவர் வாங்கினார். பிழை என்னுடையது. தாமதமும் என்னுடையது. அவர் என் மீது வைத்த கணிப்புத்தான் அவருடைய வாழ்நாளில் அவர் போட்ட ஒரே பிழையான அளவாக இருக்கலாம்.

அவரிடம் இருந்து என்னிடம் இருப்பது பதினொரு தாளும் ஒரு பழக்கமும். எந்தப் புள்ளியில் இருந்தும் அளக்கும் முன், அந்தப் புள்ளி இங்கேயே இருந்ததா என்று பக்கத்தில் இருப்பவரிடம் வாயால் கேட்கிறேன். படிப்பில் இது சொல்லித் தரப்படவில்லை. மற்றபடி அவரைப் பற்றி அழகாக எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் எழுதட்டும். நான் இதை எழுதுவது ஞாயிற்றுக்கிழமை. செய்யப் போவது இவை:

1. நாளை, பதினான்காம் திகதி, திங்கள், காலை எட்டரைக்குத் திருத்த அறிக்கையைக் கையளிப்பேன். மூன்று பிரதி. கிடைத்தது என்று முத்திரை வாங்காமல் வெளியே வர மாட்டேன்.

2. பதினொரு தாளும் அறிக்கையின் உள்ளே போகும், பின்னிணைப்பாக இல்லை. அளந்தவர் என்ற இடத்தில் அவருடைய முழுப்பெயர் இருக்கும்.

3. ஜீ.பி.எஸ். வித்தியாசத்தைக் கண்டும் கருவிப் பிழை என்று எழுதியதை அதே அறிக்கையில் ஒப்புக்கொள்வேன். பழைய ஆளின் கருவி சரியாகத்தான் இருந்தது.

4. ஆதம்லெவ்வைக் காக்காவோடு இருந்து, நகர்த்திய ஒவ்வொரு கல்லும் முதலில் எங்கே நின்றது என்று குறிப்பேன். அவருக்கும் வயது போகிறது, வேறு எவருக்கும் அது தெரியாது.

5. நியமனம் வந்தாலும் வராவிட்டாலும், மாரி தொடங்க முன்பு பட்டியல் மாறவில்லை என்றால், தாத்தா வைத்திருந்த செய்தியை என் பெயரில் நானே பத்திரிகைக்கு எழுதுவேன்.

6. முப்பத்தொரு வீட்டுக்கும் போவேன். தொலைபேசியில் இல்லை, நேரில். பிழை யாருடையது, ஏச்சு வாங்கியது யார் என்று சொல்வேன். முதலில் ஜெஸீமா உம்மாவின் வீடு. அந்த வீட்டின் பின்சுவரில் இருந்து கடல் இன்று காலை பதினான்கு மீட்டர்.